இரண்டு முடிச்சு பாக்கி

மலருக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு மிக்ஸியின் சின்ன ஜாரில் பல்லாண்டு சேவை புரிந்த ரப்பர் வளையம், நேற்றுக் காலை தேங்காய்ச் சட்னி அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பின்றித் தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. சட்னி சுவரேறியது. அன்னாரின் மறைவையொட்டி நம் வீட்டில் இட்லிப் பொடி அனுசரிக்கப்பட்டது. இது தவிர உனக்குச் சொல்லத்தக்க பெரிய செய்தி எதுவும் இங்கே இல்லை. நடுவில் உன் அண்ணன் முரளிக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது. அது சின்ன விஷயம். கூடப் பிறந்த தங்கச்சியே வராத கல்யாணம் சின்ன விஷயமாகத்தானே இருக்க வேண்டும்?

இதை உறையில் போட்டு அனுப்பினால் உனக்கு உறைக்காது. போனில் அனுப்பினாலோ, ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலுக்குத் தட்டிவிட்டு மலையேறிவிடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி திறந்தே எழுதுகிறேன். உன்னோடு நான் பேசி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா போனை என் பக்கம் நீட்டுகிறாள். நான் அந்த நேரம் பார்த்துத் தறியில் இழை அறுந்துவிட்டதுபோல எழுந்து போகிறேன். எந்த இழையும் அறுந்திருக்காது என்று அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கோபம், மலர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாளில் இறக்கிவிடுகிற கோபம் என்று நினைத்துவிடாதே. சோற்றில் கை வைத்தால் தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிற கோபம்.

உன் வேலை என்னவென்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் கோணிவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று வந்தவாசியிலிருந்து வந்திருந்த கல்யாணப் பெண் நந்தினியின் தாய்மாமன், வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்ள தங்கச்சி இன்னா பண்ணுதுங்க?"

"நியூசிலாந்துல இன்ஸ்ட்ரக்டரா இருக்குதுங்க."

"அப்படியா! அங்க கூட டிரைவிங் ஸ்கூல் கீதா?"

"கீதுங்க. மலைக்கு டிரைவிங் கத்துக்குடுக்குது. ரிவர்ஸ் மட்டும் வராது."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொன்னது தை மாதத்தில் பலித்துவிட்டது பார். சரி, அவர்களுக்கு நான் உண்மையை எப்படி விளக்குவது? பதினாறு, பதினேழு வயசு நகரத்துப் பிள்ளைகள் கையிலிருக்கும் போனைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, மூன்று வாரம் மலைக்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறாய். முதுகில் மூட்டை, மூட்டையில் காய்ந்துபோன ஏதோ ஒரு சாப்பாடு, கயிறு கட்டிப் பாறை ஏறுவது, கைகோத்து ஆற்றைக் கடப்பது, குழி தோண்டிக் காலைக்கடன் கழித்து மூடுவது வரைக்கும் பாடம். நம் கூடத்தில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று தூங்க மாட்டேன் என்றவள், அங்கே கூடாரத்தில், காற்று ஊளையிட ஊளையிடத் தூங்குகிறாய். கடைசியில் ஒரு நாள், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனி மரத்தடியில் விட்டுவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் மறைந்திருந்து பார்த்துக்கொள்வீர்களாம். தனியாக இருக்கப் பழக வேண்டுமாம். எங்களையும் அந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டாய், சரி. மறைந்திருந்து பார்க்கவாவது ஆள் போட்டாயா?

மலர் என்று பேர் வைத்தேன். நீ அதைத் திருத்தி மலையாக்கிக்கொண்டாய். நீ ஆறாவது படிக்கும்போது தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிமேல் யாருடைய பட்டமோ சிக்கிக்கொண்டது நினைவிருக்கிறதா? பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு அந்தத் துருப்பிடித்த இரும்பு ஏணியில் கிடுகிடுவென்று ஏறிவிட்டாய். கீழே அரைத் தெரு கூடிவிட்டது. எல்லோருக்கும் முன்னால் நின்று "எறங்குடி, எறங்குடி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பட்டத்தைப் பல்லில் கடித்தபடி இறங்கி வந்தாய். "ஏறுறது பயமா இல்லப்பா. நீ கீழ கத்திகினே இருந்தியே, அத்தான் பயமா இருந்துச்சு" என்றாய். அதை நான் டீக்கடை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்றைக்கே அந்த ஏணியை அறுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்புறம் சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்து பார்த்த வேலையை விட்டாய். நாட்டையும் விட்டாய். நீ ஏறாத உயரம் இல்லை. என் பேச்சு ஒன்றுதான் உனக்கு ஏறவில்லை.

தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட இந்த வீட்டில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. நீ போட்ட முடிச்சு தறியில் எதிலும் சிக்காமல் இழையோடு இழையாக ஓடும். நெய்து முடித்த சேலையில் விளக்கு வைத்துத் தேடினாலும் தெரியாது. போன வருஷம் வந்திருந்தபோது மாடிக் கைப்பிடியில் தடிக் கயிற்றைக் கட்டி எனக்கே வேறு பாடம் எடுத்தாய். மலையில் போடுகிற முடிச்சு நன்றாகத் தெரிய வேண்டுமாம். "நாமளே கட்டிகினு நாமளே ஏறக் கூடாதுப்பா. இன்னொருத்தர் வந்து தொட்டுப் பாத்து சரின்னு சொல்லணும். அப்பறந்தான் கால் தரைய வுடணும்" என்றாய். நான் சும்மா இருப்பேனா? "இதான்டி நாத்தனார் முடிச்சு. தாலியில அண்ணங்காரன் ஒரு முடிச்சு போடுவான். அவன் சரியாப் போட்டானான்னு தங்கச்சி வந்து பாத்து, மேல ரெண்டு போடுவா" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்போ அண்ணன் கல்யாணத்துல செக்கிங் நான்தான். சொல்லிட்டேன்" என்றாய். சொன்னது நீ. நான் கேட்கவில்லை.

தேதியையும் நீதான் சொன்னாய். தையில் உங்கள் ஊரில் கோடையாம், அதுதான் காட்டுக்குப் போகிற காலமாம். "தை கடைசியில வைங்கப்பா. ஒரு கோர்ஸ முடிச்சிட்டு ஜல்தியா ஓடியாந்துடறேன்." பெண் வீட்டார் பொங்கல் முடிந்த கையோடு முகூர்த்தம் பார்த்து வைத்திருந்தார்கள். நான் வந்தவாசிக்கு மூன்று தடவை பஸ் ஏறி, அந்தத் தாய்மாமனிடம் வாயாடி, தேதியைத் தள்ளி வைத்தேன். மண்டப வாசலுக்குப் பத்தடியில் பேனர் அடித்தேன். ஹெல்மெட்டும் கயிறுமாக, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நீ பாறையில் தொங்குகிற படம். "மலைகளை வென்ற எங்கள் மலரே, வருக வருக!" வாசகம் அடியேன்.

பேனர் வந்து இறங்கிய அன்றைக்குத்தான், போன் எடுக்காத காட்டுக்குள்ளிருந்து நீங்கள் செய்தி அனுப்புகிற அந்தக் குட்டிக் கருவியிலிருந்து உன் செய்தி வந்தது. "ஆத்துல வெள்ளம். பிளைட்ட புடிக்க முடியாது. அண்ணன்ட்ட சொல்லிடுங்க. எல்லாரும் பத்திரம்." இந்த இடத்தில் ஓர் அறிவுரை. நீ யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் இதையும் சேர்த்துக் கற்றுக்கொடு: 'பத்திரம்' என்பதை முதலில் எழுத வேண்டும். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு அறிவுரை. மலைக்குப் போகிறவள் 'வந்துடறேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 'வரப் பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ. நாங்கள் தேதியைத் தள்ளாமல், பேனர் அடிக்காமல், எங்கள் பாட்டுக்கு இருந்திருப்போம்.

எனக்குத் தெரிந்த ஆறு நம் கமண்டல நாகநதி. அதில் தண்ணீர் வந்தால் ஊரே குடும்பத்தோடு போய் நின்று படம் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் வழியை மறித்தது என்றால் ஆரணியில் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. என்ன ஆறு, ஒரு ராத்திரியில் வடிந்துவிடும், நீ அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று பேனரைத் தூக்கிக் கட்டிவிட்டேன். அந்த ஆறும் அடங்கவில்லை, என் மனசும் ஆறவில்லை. வந்தவர்களெல்லாம் உன் படத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, "உங்க பொண்ணு எங்கே?" என்று என்னையே கேட்டார்கள். "ஆத்துல தண்ணிங்க" என்றேன். சிரித்தார்கள். உன் பெரியம்மா இருக்கிறாளே, அவள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்: "நாத்தனார் மலைமேல கீறா. முடிச்சு இன்னா, கொரியர்ல வருதா?" உன் அம்மாவாவது என் பக்கம் நின்றாளா? "ஊருக்கெல்லாம் பேனர் வெச்சியே, ஆத்துக்கு ஒண்ணு வெச்சியா?" என்று என்னைத்தான் கடித்தாள்.

ஆனால் நான் அசரவில்லை, தெரிந்துகொள். பெரியம்மாவின் மகள் சுமதியை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டேன். "எங்கண்ணன் பொண்ணு எனக்குப் பொண்ணு இல்லியா? நீ போடும்மா முடிச்ச" என்றேன். உனக்காக நெய்து வைத்திருந்த மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையை அவள் கையில் கொடுத்து, கட்டிக்கொண்டு வரச் சொல்லி, உன் இடத்தில் நிறுத்தினேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நீ இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்கிற நினைப்பு உனக்கு இருந்தால், அதை அன்றைக்கே துடைத்துவிட்டேன்.

காரியத்தைக் கெடுத்தவன் உன் அண்ணன். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, முரளி முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். சுமதி குனிந்து கையை நீட்டுகிறாள். அவள் கையைத் தடுத்து, "இரு சுமதி, மலர் வந்து போடட்டும்" என்று சொல்லிவிட்டான். மேளக்காரர்கள் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் பார்க்கிறார்கள். "நாத்தனார் முடிச்சு ஆகட்டும், நேரம் போறது" என்கிறார் ஐயர். "இன்னாங்க இது, பாதித் தாலி?" என்று வந்தவாசித் தாய்மாமன் எழுந்தே விட்டார். அந்தச் சந்தடியில் நந்தினி தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டாள்: "ஒரு முடிச்சு நிக்குமா?" முரளி, "தெரியலியே" என்றான். அவள் சிரித்துவிட்டாள். "அப்போ அவங்களே வரட்டும்" என்றாள். அவளுடைய அம்மா, முகத்தில் ஈயாடாமல், தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் குத்திவிட்டாள். அப்படி நடந்தது மலர், உன் அண்ணன் கல்யாணம். ஒரு முடிச்சும் ஓர் ஊக்கும்.

நீ காட்டிலிருந்து வெளியே வந்து கூப்பிட்டபோது இங்கே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ தாண்ட முடியாத ஆறாடி அது?" என்று கேட்டேன்.

"நான் தாண்டியிருப்பேன்ப்பா."

"அப்பறம் இன்னா கேடு?"

"நான் எறங்குனா புள்ளைங்களும் பின்னாடியே எறங்கும்ப்பா. ஒரு பொண்ணுக்குத் தண்ணியப் பாத்தாலே நடுக்கம். என் பையோட வாரப் புடிச்சிகினே நிக்குது."

"கூட இன்னொருத்தன் இருந்தானே. அவன்ட்ட வுட்டுட்டு வர்றதுக்கு இன்னா?"

"லீடரே எறங்கிப் போயிட்டா, இந்த ஆத்துல எறங்கலாம்னுதானே அவங்களுக்கு அர்த்தம்? தண்ணிக்கு அடியில கல்லு உருள்ற சத்தம் கேட்டுகினே இருந்துச்சுப்பா. நம்ம வூட்டுத் தறி மாதிரியே, டக்கு டக்குன்னு. அது நிக்கற வரிக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது."

"யார் பெத்த புள்ளைங்களோ உனக்குப் பெருசு. கூடப் பொறந்தவன் சிறுசு" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்கப்புறம் எடுக்கவில்லை.

இந்த இரண்டு மாதமாக உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தறியில் உட்கார்ந்தால் சத்தம் கேட்கிறது, டக்கு டக்கு. முன்னெல்லாம் அந்தச் சத்தம் காதில் விழாது. இப்போது நீ சொன்னது நினைவுக்கு வந்து, மிதிக்கிற காலை எடுத்துவிடுகிறேன். உனக்கு எதிராக ஒரு நல்ல கேள்வி கிடைத்தால் போதும், உடனே கூப்பிட்டுக் கிழித்துவிடலாம் என்று தேடுகிறேன். கிடைக்கவில்லை. நீ தப்புச் செய்திருந்தால் ஒரே வாரத்தில் மன்னித்திருப்பேன். செய்யவில்லையே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பே செய்யாமல் ஒருத்தி என்னை மண்டப வாசலில் பத்தடிப் பேனருக்குக் கீழே நிற்க வைத்தால், நான் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அந்த நியூசிலாந்து ஆற்றிலா?

இங்கே நிலவரம் இது. நந்தினி நல்ல பெண். என்னைவிட வாய் நீளம். குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்த ஊக்கு மின்னுகிறது. அவளுக்கு அது விளையாட்டு. தெருவுக்கு அது பேச்சு. போன வாரம் முரளி வண்டியில் சறுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். கட்டுப் போடுவதற்குள் பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு, "ஒத்த முடிச்சுன்னா இப்படித்தான்" என்று ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குத்தான் நந்தினியின் முகம் முதல்முறையாக வாடியதைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஊக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். சுமதியோ கல்யாணத்தோடு இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. பட்டைத் துவைத்து, மடித்து, ஆள் மூலம் திருப்பி அனுப்பிவிட்டாள். உன் பேனர் மொட்டை மாடியில் இருக்கிறது. அம்மா அதை விரித்து வடகம் போடுகிறாள். காக்கா வந்து உன் மூக்கைக் கொத்தும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆடியில் உங்களுக்குக் குளிர்காலம். காடு மூடிக் கிடக்கும், கோர்ஸ் கிடையாது. விசாரித்துவிட்டேன். ஆடிக்கு நந்தினியை வந்தவாசிக்கு அழைத்துப் போவார்கள். பதினெட்டாம் பெருக்கன்று அங்கே வைத்துப் பழைய மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக் கயிறு கட்டப் போகிறோம். முரளி ஒரு முடிச்சு போடுவான். அந்தத் தாய்மாமன் கண் முன்னால், அதைத் தொட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லி, மேலே நீ இரண்டு போட வேண்டும். முடிச்சுப் போட முடியாதவளுக்கு முடிவு மட்டும் எடுக்க முடிகிறது என்று இனி ஒருத்தரும் சொல்லக் கூடாது. அன்றைக்கு ஆறு பெருகுகிற நாளாயிற்றே என்று பயப்படாதே. வழியில் குறுக்கே வருகிற ஆற்றில் மணல்தான் ஓடும். கல் உருண்டால் நானே வந்து தூக்கிக்கொண்டு போகிறேன். 'வந்துடறேன்' என்று சொல்லாதே. வரப் பார்.

இத்தோடு முடித்துவிட்டு, எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில், "முரளி தலையில ஏன்யா கட்டற?" என்றாள்.

சரி. முரளி சுமதியைத் தடுக்கவில்லை. அவன் பாவம், ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான். சுமதி குனிந்தாள். பக்கத்தில் நின்ற என் கை எனக்குத் தெரியாமலே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "இரும்மா, அது மலரோடது" என்றேன். கூப்பிட்டு நிறுத்தியவனும் நான், தடுத்தவனும் நான். அந்தப் பெண்ணை நாலு பேருக்கு முன்னால் அப்படி நிற்க வைத்துவிட்டேன். பழி என் மேல் வரக் கூடாதென்று, "நான்தான் தடுக்கச் சொன்னேன்" என்று முரளி எல்லோரிடமும் ஏற்றுக்கொண்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன். நாளைக் காலை அந்தப் பட்டை எடுத்துக்கொண்டு சுமதி வீட்டுக்குப் போகிறேன். பெரியம்மா வாசலிலேயே நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினால், வாங்கிக்கொண்டு வருகிறேன். உனக்கு வந்த கல்யாண வீடியோவில் முதல் முடிச்சுக்கு அப்புறம் நேராகப் பாயசம் வந்திருக்கும். என் கை தெரிகிற இடத்தை வெட்டிவிடச் சொல்லி வீடியோக்காரரைக் கெஞ்சியது நான்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்தச் சொட்டும் அவர் வெட்டிப் போட்ட துண்டில்தான் இருக்கிறது.

அப்பா